முதல் தேர்வும் 58ஆவது தேர்வும்: ஃபேன்டஸி லீக்குக்கு இளம் ஏஎஃப்எல் வீரர்களை எடைபோடுவது

ஏஎஃப்எல் எனும் ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் 2001ஆம் ஆண்டு டிராஃப்டில் (கிளப்புகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் நிகழ்வு) காலிங்வுட் கிளப் 58ஆம் இடத்தில் டேன் ஸ்வானை எடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பரில், ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கம் அவர் கழுத்தில் ஏறியது. அதே ஆண்டு நவம்பர் டிராஃப்டில் ஃப்ரீமேன்டில் கிளப் அதே 58ஆம் இடத்தில் லாக்கி நீல் என்ற குள்ளமான தெற்கு ஆஸ்திரேலியப் பையனை எடுத்தது. நீல் பின்னர் பிரிஸ்பேனுக்கு மாறி, 2020, 2023 என்று இரண்டு முறை அந்தப் பதக்கத்தை வாங்கினார். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி சேர்க்கும் ஃபேன்டஸி லீக்கை ஆடுகிறவர்களுக்கு இந்த இருவரையும் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் நூறு புள்ளிகளை வாரிக் கொடுத்தவர்கள்.

இதைக் காட்டி, டிராஃப்ட் என்பதே குலுக்கல் சீட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 58ஆம் இடத்தில் எடுக்கப்பட்டு, யாருக்கும் பெயர் தெரியாமலே வீடு திரும்பிய பையன்கள்தான் அதிகம். கிளப்புகளின் தேர்வாளர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்வது அவர்களுடைய வேலை. கோப்பையை வெல்ல ஒரு கிளப்புக்கு உயரமான முன்வரிசை வீரர் வேண்டும், எதிரணியின் கோல்காரரை அடக்கிவைக்கும் தடுப்பாளர் வேண்டும். ஃபேன்டஸி கணக்கில் அடக்கிவைத்ததற்குப் புள்ளி கிடையாது. பந்து கையில் வர வேண்டும், அல்லது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆகவே கிளப்பின் வரிசை எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு தன் அணியைக் கட்டுகிறவர், வேறொருவர் வீட்டு மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சில அடிப்படைகள். நீள்வட்ட மைதானம், அணிக்குப் பதினெட்டுப் பேர், நீள்வட்டப் பந்து. பந்தைக் கையால் வீசக் கூடாது. ஒரு கையில் ஏந்தி மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். அது ஹேண்ட்பால். பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் உதைத்து வந்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நிதானமாக அடுத்த உதையை உதைக்கலாம். ஆண்டுதோறும் நவம்பரில் டிராஃப்ட் நடக்கிறது. அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 வயது நிறைகிறவர்கள் அதில் சேரலாம். அந்தப் பருவத்தின் புள்ளிப் பட்டியலில் கடைசியாக முடித்த கிளப்புக்கே முதல் தேர்வுரிமை.

ஃபேன்டஸியிலும் பல வகை உண்டு. சம்பள உச்சவரம்புக்குள் அணி கட்டும் வகையில் புதுமுகம் மலிவு. புள்ளி எடுக்க எடுக்க அவர் விலை ஏறும், ஏறியதும் விற்றுவிட்டுப் பெரிய வீரரை வாங்கலாம். அங்கே முதல் எட்டுப் பத்து ஆட்டங்கள்தான் முக்கியம். கீப்பர் லீக் என்பது வேறு உலகம். நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வீரர்களைப் பங்கிட்டுக்கொள்வார்கள். எடுத்தவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். இளம் வீரரை எடைபோடும் கலைக்கு உண்மையான மதிப்பு அங்கேதான். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அதை மனதில் வைத்தே பேசுகிறேன்.

ஏஎஃப்எல் ஃபேன்டஸியின் புள்ளி முறை எளிது. ஓர் உதைக்கு 3, ஹேண்ட்பாலுக்கு 2, மார்க்குக்கு 3, பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்தும் டேக்கிளுக்கு 4, கோலுக்கு 6, கோல் தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கு நடுவே போனால் 1. நடுவர் மேலே அனுப்பும் பந்தை எம்பித் தட்டும் உயரமான வீரர் ரக்; அவருடைய ஒவ்வொரு தட்டுக்கும் 1. எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தால் 3 கழியும். இந்தச் சிறிய அட்டவணையை மனதுக்குள் ஓடவிட்டுக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தால், வர்ணனையாளர் கவனிக்காத ஒன்று கண்ணில் படும். இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 25 முறை பந்து கிடைத்தது. முதல் பையன் 15 உதை, 10 ஹேண்ட்பால், 5 மார்க், 4 டேக்கிள்: 45, 20, 15, 16, ஆக மொத்தம் 96. இரண்டாவது பையன் 10 உதை, 15 ஹேண்ட்பால், 2 மார்க், 2 டேக்கிள்: 30, 30, 6, 8, ஆக மொத்தம் 74. மறுநாள் செய்தியில் இருவருக்கும் ஒரே வரிதான் வரும்: 25 முறை பந்தைக் கைப்பற்றினார். நம் கணக்கில் இடைவெளி 22 புள்ளி.

மார்க் பிடித்து உதைத்தால் 3உம் 3உம் ஆறு. அதனால்தான் ஃபேன்டஸிக்காரர்கள் அதற்கு ‘பிளஸ் சிக்ஸ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். யாரும் நெருக்காத இடத்தில் நின்று மார்க் பிடித்து, அடுத்தவருக்கு உதைத்துவிட்டு, மறுபடி திறந்த இடத்துக்கு ஓடுகிற பையன் ஓர் ஆட்டத்தில் எட்டு முறை இதைச் செய்தால் 48 புள்ளி வந்துவிட்டது. சூப்பர்கோச் என்ற மற்றொரு போட்டியில் கணக்கு இப்படி இல்லை. அது சாம்பியன் டேட்டா நிறுவனத்தின் தரக்கணக்கைப் பின்பற்றுகிறது; முட்டி மோதி எடுத்த பந்துக்கும், சரியாகப் போய்ச் சேர்ந்த உதைக்கும் அங்கே மதிப்பு அதிகம். ஒரே பையன் ஒரு போட்டியில் பொன், மற்றதில் செம்பு. எந்தப் போட்டிக்கு எடுக்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் ஒரு பையனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

மெல்பர்னின் புறநகர் மைதானம் ஒன்றில், குளிர்கால ஞாயிற்றுக்கிழமை காலையில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலியை ஒட்டி நின்ற எல்லாருடைய கண்ணும் ஒரு பையன் மேல். அகன்ற தோள், கூட்டத்துக்குள் புகுந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வருவான். நானும் அவனைத்தான் பார்த்தேன். இரண்டாம் கால்பகுதியில்தான் இன்னொருவனைக் கவனித்தேன். மெலிந்தவன், முழங்கையில் கட்டு. ஹேண்ட்பால் கொடுத்த கணமே அவன் ஓடத் தொடங்குவான். கொடுத்த பந்து எங்கே போனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. நாற்பது மீட்டர் தள்ளி மைதானத்தின் மறுபுறம் போய் நின்று கையைத் தூக்குவான். பத்தில் நான்கு முறை பந்து அவனைத் தேடி வரும், ஆறு முறை வராது. வராத ஆறு முறையும் அவன் முகம் சுளிக்கவில்லை, திரும்பவும் ஓடினான். நான்காம் கால்பகுதியில் தோள்காரன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மெலிந்தவன் ஓடிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து நான் முதலில் தேடுவது அந்த ஓட்டத்தைத்தான். பந்து எடுக்கும் திறமை எல்லாருக்கும் தெரியும். பந்து கொடுத்த பிறகு என்ன செய்கிறான் என்பதை எண்ணிக்கைத் தாள் சொல்வதில்லை.

தோள்காரனைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆனால் பதினேழு வயதில் தோளால் கிடைத்த பந்து, ஏஎஃப்எல்லில் 28 வயது ஆண்களோடு மோதும்போது அதே அளவில் கிடைக்காது. உடம்பு பத்துப் பதினைந்து கிலோ ஏறிய பிறகு மறுபடி கிடைக்கலாம். ஓடிப் பெற்ற பந்து மட்டும் முதல் ஆண்டிலேயே கூட வரும். 2018இல் முதல் தேர்வாக கார்ல்டனுக்குப் போன சாம் வால்ஷ் இதற்கு நல்ல சான்று. அடுத்த ஆண்டில் 22 ஆட்டங்களையும் ஆடி, சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருதை வாங்கினார். அவரிடம் கண்ணைப் பறிக்கும் வேகமோ தாவலோ கிடையாது, மூச்சு இருந்தது. டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்தகுதிச் சோதனைகளில் 20 மீட்டர் வேகமும் எம்பும் உயரமும்தான் தலைப்புச் செய்தியாகின்றன. எனக்கு அவற்றில் பயன்படுவது 2 கிலோமீட்டர் ஓட்டத்தின் நேரம் ஒன்றுதான்.

இனி எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். விக்டோரியாவில் கோட்ஸ் டேலண்ட் லீக், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அந்தந்த மாநில லீகின் இளையோர் பிரிவு, இவற்றுக்கு மேலே தேசிய இளையோர் சாம்பியன்ஷிப். மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளில் படிக்கும் பையன்கள் பருவத்தின் பெரும்பகுதியைப் பள்ளி அணிக்காகவே ஆடுகிறார்கள். ஓக்லி சார்ஜர்ஸ், சாண்ட்ரிங்கம் டிராகன்ஸ் போன்ற அணிகளுக்கு அவர்கள் வருவது விட்டுவிட்டுத்தான். அவர்களுடைய லீக் சராசரி நான்கைந்து ஆட்டங்களின் சராசரியாக இருக்கலாம். பெண்டிகோ, கிப்ஸ்லாந்து போன்ற கிராமப்புற அணியில் முழுப் பருவமும் ஆடிய பையனின் சராசரியோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது. தெற்கு ஆஸ்திரேலியப் பையன் ஒருவன் இளையோர் பிரிவைத் தாண்டிப் பெரியவர்கள் ஆட்டத்திலேயே ஆடியிருந்தால், அங்கே அவன் எடுத்த 15 பந்து, இளையோர் ஆட்டத்தில் எடுத்த 30 பந்தைவிட எனக்குப் பெரிது. வளர்ந்த ஆண்கள் அவன் மேல் விழுந்தபோதும் அவன் எழுந்து நின்றான் என்பது அந்த 15இல் இருக்கிறது.

வயதையும் மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். ஒரே டிராஃப்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் இருப்பார்கள். பதினேழு வயதில் பதினொரு மாதம் என்பது எலும்பிலும் தசையிலும் பெரிய வித்தியாசம். 2021 டிராஃப்டின் மிகப் பிரபலமான பையன் நிக் டெய்கோஸ் 2003 ஜனவரி 3ஆம் தேதி பிறந்தவர். தன் தொகுதியில் மூத்தவர்களில் ஒருவர். அவர் விஷயத்தில் அந்தச் சலுகையைக் கழித்துப் பார்த்தாலும் திறமை மலையாகவே நின்றது. எல்லாருக்கும் அப்படி நிற்காது. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்து, மூத்த பையன்களோடு ஈடுகொடுத்து ஆடியவனைக் கண்டால் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

டெய்கோஸ் 4ஆம் தேர்வாகக் காலிங்வுட்டுக்குப் போனார். அந்த எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. ஒரு கிளப்புக்காகத் தந்தை 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. வேறொரு கிளப் அவன் பெயரைச் சொன்னால், தந்தையின் கிளப் அதற்கு ஈடான விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வடக்கு மாநிலக் கிளப்புகள் தங்கள் அகாடமியில் பயிற்சி கொடுத்து வளர்த்த பையன்களுக்கும் இதே போன்ற ஏற்பாடு. ஆக, இவர்கள் பெயருக்கு எதிரே இருக்கும் எண், மற்ற கிளப் எப்போது வாய் திறந்தது என்பதைத்தான் காட்டுகிறது. சிட்னி அகாடமியிலிருந்து வந்த எரல் கல்டன் 2020இல் 32ஆவது தேர்வு. 2023இல் அவர், லீகின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இருந்தார்.

இதுவரை சொன்னவை பையனைப் பற்றியவை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அவன் எங்கே நிற்கப் போகிறான்? டிராஃப்டில் மேலே வரும் பையன்களில் பலர் இளையோர் ஆட்டத்தில் நடுக்களத்தில்தான் ஆடியிருப்பார்கள். திறமைசாலியைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது எந்தப் பயிற்சியாளருக்கும் இயல்பு. ஆனால் ஏஎஃப்எல் கிளப்பில் நடுக்களம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எவ்வளவு பசியோடு வந்தாலும், பந்தியில் இலை காலியானால்தான் உட்கார முடியும். அதுவரை பையனை முன்வரிசையின் ஓர் ஓரத்தில் நிறுத்துவார்கள். அங்கே அவன் வேலை எதிரணியைத் துரத்தி நெருக்குவது. சில வாரம் இரண்டு கோல் அடித்து 80 எடுப்பான், மறுவாரம் 35 எடுப்பான். ஃபேன்டஸிக்கு இதைவிடக் கொடிய இடம் கிடையாது.

ஹாஃப்-பேக் எனப்படும் பின்வரிசை ஓட்டக்காரர் இடம் இதற்கு நேர் எதிர். பந்து அங்கிருந்துதான் மெதுவாக மேலே நகர்த்தப்படுகிறது. யாரும் நெருக்காத மார்க், நிதானமான உதை, மறுபடி மார்க். பிளஸ் சிக்ஸ்கள் காய்த்துத் தொங்கும் தோட்டம் அது. எதிரணி கோலைத் தவறவிட்ட பிறகு பந்தை மறுபடி ஆட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையும் பின்வரிசையினருக்குத்தான். கோல் சதுரத்தை விட்டு வெளியே ஓடி உதைத்தால் அதுவும் ஓர் உதையாகக் கணக்கில் சேரும்.

ஹாரி ஷீசல் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். சாண்ட்ரிங்கம் டிராகன்ஸ் பையன். முன்வரிசை வீரர் என்ற பெயரோடு 2022இல் 3ஆவது தேர்வாக நார்த் மெல்பர்னுக்குப் போனார். ஆண்டுக்கணக்கில் அடிமட்டத்தில் தவித்த கிளப். அலஸ்டர் கிளார்க்சன் அப்போதுதான் பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். கூர்மையாக உதைக்கத் தெரிந்த பையனைக் கோலுக்கு முன்னால் பந்துக்காகக் காத்திருக்க விடாமல், பந்து புறப்படும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2023இன் முதல் சுற்றில், வெஸ்ட் கோஸ்டுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே, ஷீசல் 34 முறை பந்தைக் கையாண்டார். அந்த ஆண்டு ரைசிங் ஸ்டார் விருதும் அவருக்கே, கிளப்பின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. டிராஃப்ட் இரவன்று அவருடைய கோல் திறமையை மட்டும் பார்த்தவர்களுக்கு இது வானத்திலிருந்து விழுந்தது போலிருந்தது. பயிற்சிக் காலச் செய்திகளைப் படித்தவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. டெய்கோஸும் 2022இல் தன் முதல் ஆண்டைப் பெரும்பாலும் பின்வரிசையில் ஆடித்தான் ரைசிங் ஸ்டார் ஆனார். நடுக்களம் பிறகு வந்தது.

இடமே கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாம் மிட்செல். சிட்னியில் தந்தை வழியாக வந்தவர். பந்து எடுக்கும் பசி முதல் நாளிலிருந்தே தெரிந்தது. ஆனால் அங்கே நடுக்களத்தில் மூத்தவர்கள் கூட்டம். 2016 இறுதியில் ஹாதார்னுக்கு மாறிய பிறகு அணை உடைந்தது. 2018இன் முதல் சுற்றில் ஒரே ஆட்டத்தில் 54 முறை பந்தைக் கையாண்டு லீக் சாதனை படைத்தார். அந்த ஆண்டு பிரவுன்லோ பதக்கமும் வந்தது. கீப்பர் லீகில் இப்படிப்பட்டவரை, இலை காலியாகும் முன்பே வாங்கி வைத்திருக்கிறவர்தான் கெட்டிக்காரர். அதற்குக் கிளப்புகளின் நடுக்களத்தில் யார் யாருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்ற பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். பலன் தருகிற வேலையும் அதுதான்.

உயரமானவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பொறுமை இல்லாவிட்டால் தொட வேண்டாம். 2022இல் முதல் தேர்வாகப் போன ஆரன் கேட்மன் உயரமான முன்வரிசை வீரர். அவருக்குப் பின்னால் 3ஆம் இடத்தில் போன ஷீசல் முதல் ஆண்டிலேயே கொட்டிக் கொடுத்தபோது, கேட்மன் அணிக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். தேர்வாளர்கள் செய்தது பிழை என்று இதற்குப் பொருளில்லை. உயரமான முன்வரிசை வீரர் முதிர ஆண்டுகள் பிடிக்கும், முதிர்ந்த பின்னும் ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறைதான் பந்து வரும். ரக் வீரர்களோ முதிர்ந்த பின் தங்கம். மேக்ஸ் கான் 2009இல் 34ஆவது தேர்வாக மெல்பர்ன் கிளப்புக்கு வந்தார். இடையில் முழங்கால் காயம். ஆல்-ஆஸ்திரேலியன் அணிக்குள் முதல்முறை நுழைந்தது 2016இல். ஏழு ஆண்டு. கீப்பர் லீகில் ஏழு ஆண்டு ஓர் இடத்தை அடைத்து வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்? ரக் வேண்டுமென்றால் டிராஃப்ட் நாளில் எடுக்காதீர்கள்; யாரோ ஒருவர் மூன்றாம் ஆண்டில் பொறுமையிழந்து கைவிடும் நாளில் எடுங்கள்.

மறுகோடியில், 18 வயதைத் தாண்டி மாநில லீகில் நான்கைந்து ஆண்டு அடிபட்டு வருகிறவர்கள். உடம்பு தயார், ஓட்டம் தயார். கிளப் அவர்களை எடுப்பதே உடனே ஆடவைக்கத்தான். வெரிபி அணியில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் பார்லோவை ஃப்ரீமேன்டில், முதன்மை டிராஃப்டுக்குப் பிறகு நடக்கும் ரூக்கி டிராஃப்டில் எடுத்து 2010இல் இறக்கியது. அந்த ஆண்டு அவரைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பருவத்தின் நடுவில் கால் முறிந்தபோது அவர் லீகின் சிறந்த வீரர்களில் ஒருவராகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தார். விலை ஏற்றிப் பணம் பண்ணும் வகை ஆட்டத்தில் நான் எப்போதும் முதலில் தேடுவது பார்லோ போன்ற 22, 23 வயதுக்காரரை. கீப்பர் லீகிலும் அவரை ஒதுக்க வேண்டியதில்லை. ஏழெட்டு ஆண்டு ஆட்டம் அவர் கையில் இருக்கிறது.

காயத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மேட் ரோவல், 2019இன் முதல் தேர்வு, கோல்ட் கோஸ்ட். 2020இல் தன் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆட்டங்களில் வரிசையாக ஆட்ட நாயகனுக்கான மூன்று பிரவுன்லோ வாக்குகளையும் வாங்கினார். பதினெட்டு வயதில் மூத்தவர்கள் கூட்டத்துக்குள் புகுந்து அவர் டேக்கிள் செய்ததைப் பார்த்தபோது, மேலே நான் சொன்ன தோள் பற்றிய விதி எல்லாருக்கும் பொருந்தாது என்று புரிந்தது. ஐந்தாம் ஆட்டத்தில், ஜிலாங்கில், தோள் நழுவியது. அந்தப் பருவம் முடிந்தது. 2021இன் முதல் சுற்றிலேயே முழங்கால். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ கீப்பர் லீகுகளில் அவர் கைமாறினார். பழைய வேகம் திரும்பாது என்று பலர் எழுதினார்கள். 2025 செப்டம்பரில் பிரவுன்லோ பதக்கம் ரோவலுக்கு வந்தது.

தோள் மூட்டு நழுவுவதும் எலும்பு முறிவும் ஆறக்கூடியவை. அவற்றுக்காக இருபது வயதுக்காரனை நான் விற்க மாட்டேன். ஒரே தொடைத்தசை மூன்றாம் முறை கிழிந்தால் மட்டும் யோசிப்பேன், ஏனென்றால் அது அவன் ஓட்டத்தையே தொடுகிறது. ஓட்டம் போனால் பிளஸ் சிக்ஸ் போய்விடும்.

டிராஃப்ட் நவம்பரில் முடிந்துவிடும். என் பட்டியலை நான் பிப்ரவரி இறுதிவரை இறுதியாக்குவதில்லை. பயிற்சி ஆட்டங்கள் அப்போதுதான் தொடங்கும். அவற்றில் புள்ளிகளை எண்ணுவதில்லை. மூத்தவர்கள் பாதி வேகத்தில் ஆடும் ஆட்டத்தில் வரும் எண்களுக்கு மதிப்புக் குறைவு. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆட்டம் நடுவிலிருந்து மீண்டும் தொடங்கும்போது, அங்கே வரைந்திருக்கும் நடுச் சதுரத்துக்குள் ஓர் அணிக்கு நான்கு பேர்தான் நிற்கலாம். ரக் வீரரைக் கழித்தால் மூன்று இடம். மூத்தவர் ஒருவர் மூச்சு வாங்கப் பெஞ்சுக்குப் போகும்போது அந்த மூன்றாம் இடத்துக்கு யாரைக் கையசைத்து அழைக்கிறார்கள் என்று பார்ப்பேன். எதிரணி கோலைத் தவறவிட்டதும் பந்தை எடுத்துவர யார் ஓடுகிறார்கள் என்று பார்ப்பேன். அந்த இரண்டில் ஒன்றிலாவது புதுப் பையனின் முதுகு எண் தெரிந்தால், அவன் 3ஆம் தேர்வா 58ஆம் தேர்வா என்பதைத் திரும்பப் பார்க்காமல் பட்டியலில் மேலே ஏற்றிவிடுவேன்.